பேஸ் கிட்டாருக்கான மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்: பினாங்கு இசைக்குழுக்களின் தேவையை முன்வைத்து

பேஸ் கிட்டாரிலிருந்து எழும் மின்னொலி மிக்ஸரையோ ஆம்ப்ளிஃபயரையோ சென்றடையுமுன் அதனைத் திருத்தியும் வளப்படுத்தியும் உருமாற்றியும் அனுப்பவல்ல கருவிகள் பலவற்றை ஒரே பெட்டிக்குள் அடக்கி, வாசிப்பவர் காலால் மிதித்தே இயக்கிக்கொள்ளும்படி அமைத்த சாதனம் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் எனப்படும். சுருதி பார்க்கும் டியூனர், ஒலியின் ஏற்றத்தாழ்வை ஒழுங்குசெய்யும் கம்ப்ரெஸர், தாழ்வொலி, நடுவொலி, மேலொலிகளின் விகிதத்தை அமைக்கும் ஈக்வலைஸர், ஓவர்டிரைவ், ஆக்டேவ், கோரஸ், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயரின் சுபாவத்தைப் பாவிக்கும் மாடலிங் ஆகியவை இதன் அங்கங்கள். விற்பனைப் பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் விளைவுகளின் எண்ணிக்கை வாங்குபவரின் கண்ணை முதலில் கவருமெனினும், பேஸ் கிட்டாரைப் பொறுத்தவரை தாழ்ந்த ஸ்தாயியின் நாதம் குறைவின்றி வெளியே வருகிறதா என்பதே பிரதானமான பரீட்சை. மற்றவையெல்லாம் அதற்குப் பிற்பட்டவையே.

பினாங்குத் தீவில் இச்சாதனத்துக்குத் தனியானதொரு முக்கியத்துவம் உண்டு. ஜார்ஜ் டவுனின் திருமண மண்டபங்கள், கோயில் விழா மேடைகள், தேவாலய ஆராதனைகள், பத்து ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டல்கள் என்று இடத்துக்கு இடம் மாறி வாசிக்கும் பேஸ் கலைஞர், ஒரே இரவில் தமிழ்த் திரைப்பாடலையும் மலாய்ப் பாடலையும் ஆங்கிலப் பாடலையும் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ள நேர்கிறது. இந்தப் பன்மொழி மரபு இந்நகரத்துக்குப் புதிதன்று. 1960-களின் இறுதியில் இங்கே உருவாகி, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் கீர்த்தி பெற்ற அலிகேட்ஸ் குழுவின் முன்னணிப் பாடகர்களாகிய டேவிட் ஆறுமுகமும், 2007-இல் காலமான அவருடைய சகோதரர் லோகநாதன் ஆறுமுகமும் பினாங்குத் தமிழர்களே. இத்தகைய பலதிறப்பட்ட வாசிப்புக்கு ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு பெடலாகச் சுமந்து செல்வது சிரமமாகையால், எல்லாம் அடங்கிய ஒரே பெட்டியை நாடுவது இயல்பாயிற்று.

இச்சாதனம் வந்த வழியைச் சற்றே நோக்குவோம். லியோ ஃபெண்டரின் பிரிஸிஷன் பேஸ் என்னும் மின் பேஸ் கிட்டார் 1951-இல் வெளிவந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் ஃபஸ் என்னும் கரகரப்பொலிப் பெடலின் சரித்திரமும் தொடங்கிவிடுகிறது. அத்தொடக்கம் தாழ்ந்த ஸ்தாயி வாத்தியம் ஒன்றிலேயே நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் கிரேடி மார்ட்டின் ஒரு பாட்டுக்கு ஆறு தந்தி பேஸ் கிட்டாரை வாசித்தபோது, மிக்ஸரின் ஒரு பகுதி பழுதுபட்டதனால் ஒலி கரகரத்து ஒலிக்க, 1961-இல் வெளியான அப்பாட்டின் அந்தக் கரகரப்பே ரசிகர்களைக் கவர்ந்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அக்கோளாற்றையே ஆராய்ந்து ஒரு சுற்றமைப்பாக்க, அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெடலாகக் கடைக்கு வந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ் 1977 முதல் சிறிய தனிப் பெடல்களையும், 1988-இல் எம்.ஈ.-5 என்னும் கூட்டுப் பெட்டியையும் வெளியிட்டது. 1983-இல் டோக்கியோவில் தோன்றிய ஸூம் நிறுவனம் அடுத்த பத்தாண்டில் விலை குறைந்த பெட்டிகளைப் பரப்பிற்று. ஒலியை எண்களாக மாற்றிக் கணக்கிடும் சில்லுகள் மலிவாகியதே இவ்வளர்ச்சிக்கு மூலகாரணம். சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழில் 1972 முதல் இதே தீவின் பாயான் லெப்பாஸில் இன்டெல் முதலிய நிறுவனங்களால் நிலைபெற்றதென்பதையும், தமிழர் உள்ளிட்ட பினாங்கு மக்களின் உழைப்பு அத்தொழிலில் கலந்திருக்கிறதென்பதையும் இங்கே நினைப்பது தகும்.

இனி, நாதத்தின் இலக்கணத்துக்கு வருவோம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது தந்தி சேர்ந்த வாத்தியத்தில் தாழ்ந்த பி தந்தியின் அதிர்வெண் 31. ஓவர்டிரைவ் என்பது அலையின் உச்சியை வெட்டி மேல் ஸ்வரங்களை எழுப்பும் முறையாதலால், அவ்வாறு எழுந்த மேலொலிகளின் பக்கத்தில் அடிப்படை அதிர்வு மெலிந்து தோன்றும். அன்றியும், சாதாரணக் கிட்டாருக்கென்று அமைத்த பெடல்கள் பல, ஒலி குழம்பாதிருக்கும்பொருட்டுத் தாழ்ந்த பகுதியை முன்னதாகவே வடிகட்டிவிடுகின்றன. புகழ்பெற்ற ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிக்கு ஓவர்டிரைவின் அளவு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. கிட்டாருக்கு நன்மை செய்யும் அந்த ஏற்பாட்டை பேஸில் பொருத்தினால், வாத்தியத்தின் அடிப்படை ஸ்வரங்கள் யாவும் அவ்வெல்லைக்கு வெகு கீழே நிற்கின்றமையால், பாட்டின் அஸ்திவாரமே இளகிவிடும். மிருதங்கத்தின் தொப்பியை மூடிவிட்டு வலந்தலையை மாத்திரம் வாசித்தாற்போன்ற நிலை அது.

இதற்குப் பரிகாரம் பிளெண்ட் என்னும் கலவைத் திருகு. உருமாறாத மூல ஒலியை ஒருபுறம் நேராகச் செல்லவிட்டு, உருமாறிய ஒலியை அதனோடு வேண்டிய அளவில் கலக்கும் இவ்வசதியே பேஸ் கிட்டாருக்கென்று சிந்தித்துச் செய்த சாதனத்தின் லட்சணமாகும். பாஸின் ஓ.டி.பி.-3 பெடலிலும், டெக் 21 நிறுவனத்தின் ஸான்ஸாம்ப் பேஸ் டிரைவரிலும் இத்திருகு உண்டு. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை வாங்கச் செல்பவர் கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஓவர்டிரைவை இயக்கி, ஈ தந்தியைத் திறந்த நிலையில் நான்கு மாத்திரை ஒலிக்கவிட்டு, நடுவே பெடலை மிதித்து விளைவை நிறுத்துக. நிறுத்திய கணத்தில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு கனம் திடீரென்று திரும்பி வருவதாகத் தோன்றினால், விளைவு இயங்கும்போது அக்கனம் தொலைந்திருந்தது என்பது நிச்சயம். இச்சோதனையை ஹெட்ஃபோனில் மாத்திரம் செய்து திருப்தியடைதல் கூடாது. பன்னிரண்டு அல்லது பதினைந்து அங்குல ஸ்பீக்கரில் செய்தல் வேண்டும்.

தமிழ் மேடைக்குக் கம்ப்ரெஸர் இன்றியமையாதது. 1976-இல் அன்னக்கிளியோடு திரையுலகுக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துணையாக நில்லாமல், பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனிவழி நடக்கும் சுதந்திரம் பெற்றது. சசிதரன் போன்ற கலைஞர்களின் விரல்கள் தாழ்ந்த தந்தியிலிருந்து மேல் தந்திக்குத் தாவி மீளும் அந்த வரிகளை மேடையில் வாசிக்கையில், ஒரு ஸ்வரம் முழங்கி அடுத்தது அமுங்கினால் வரியின் அழகே கெட்டுப்போகும். ஆகவே, தந்தியை மீட்டிய முதற் கணத்தின் துடிப்பைச் சற்றே செல்லவிட்டுப் பின்னர் அளவைப் பிடித்துக்கொள்ளும் கம்ப்ரெஸர் வேண்டும்; அட்டாக் என்னும் அந்த நேரத்தை வாசிப்பவரே மாற்றிக்கொள்ளும் வசதியில்லாத பெட்டி இவ்வகைப் பாடலுக்குப் போதாது. 1992-இல் ரோஜாவுடன் வந்த ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் போன்றோரின் உயிருள்ள வாசிப்பும் உண்டு. சின்தசைஸரில் வார்த்த பேஸ் ஒலியும் உண்டு. பின்னதைக் கிட்டாரில் பாவிக்கவே ஆக்டேவும் ஃபில்டரும் உதவுகின்றன. ஆனால் ஈ தந்தியின் ஓர் அதிர்வு முடிவதற்கே 24 மில்லிவினாடி ஆகின்றமையால், ஸ்வரத்தை அறிந்து அதற்குக் கீழ் ஸ்தாயியைப் பிறப்பிக்க வேண்டிய ஆக்டேவ் விளைவு தாழ்ந்த ஸ்வரங்களில் தயங்கித் தடுமாறும். மேலும் திறந்த ஈ தந்திக்குக் கீழ் ஸ்தாயி 20.6 ஹெர்ட்ஸ், அதாவது செவிப்புலனின் எல்லையோரம். ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஆக்டேவைப் பயன்படுத்துவதே விவேகம்.

கோரஸ் வேண்டுவோர், பாஸ் சி.ஈ.பி.-3 பெடலில் இருப்பதைப்போன்று தாழ்ந்த பகுதியைத் தொடாமல் விடும் வடிகட்டி உள்ளதா என்று பார்த்தால் போதும். முழக்கம் சேர்க்கும் ரிவெர்பை, சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரையும் கொண்ட கல்யாண மண்டபங்களில் அறவே தவிர்க்கலாம். அவ்விடங்களே வேண்டிய அளவுக்குமேல் முழங்குகின்றன.

ஒலியமைப்புக்காரர் வாடகைக்குக் கொணர்ந்த ஸ்பீக்கர்களையே நம்பி, தமக்கென்று பேஸ் ஆம்ப்ளிஃபயர் இன்றி வாசிக்க நேரும் மேடைகளில், பெட்டியிலிருந்து மிக்ஸருக்கு நேராகச் செல்லும் டி.ஐ. இணைப்பு பெருந்துணையாகிறது. சமநிலைக் கம்பியாகிய எக்ஸ்.எல்.ஆர். வழியே மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கும் மிக்ஸர்வரை இரைச்சலின்றிச் செல்லும் ஒலி, சாதாரண ஜாக் கம்பியில் அத்தூரம் சென்றால் மேலொலி மங்கி இரைச்சலையும் வாரிக்கொள்ளும். நேராக மிக்ஸருக்கு அனுப்பும்போது ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் பாவிக்கும் கேபினட் மாடலிங் இயங்கவேண்டும். உண்மையான பேஸ் ஆம்ப்ளிஃபயர் கிடைத்துவிட்டால் அதனை நிறுத்தவேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இயங்கினால் ஒலி கம்பளிக்குள் புதைந்துபோம். இம்மாற்றத்தை ஒரே பொத்தானில் செய்யும் பெட்டிக்கு மேடையில் தனி மதிப்புண்டு.

மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் என்பது சாமானியச் செய்தியாகத் தோன்றினும், பேஸ் கலைஞருக்கு அதில் ஒரு விசேஷம் உளது. ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி ஸ்வரத்தின் அதிர்வெண் 49. திறந்த ஜி தந்தியின் அதிர்வெண் 98. மண் இணைப்புச் சரியில்லாத மேடையில் எழும் இரைச்சலோ 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் ஒலிப்பதாகையால், ஜி ஸ்வரத்தை நீட்டி வாசிக்கும்போது இரைச்சலும் ஸ்வரமும் ஒன்றோடொன்று மோதி, தாழ்ந்த ஜியில் வினாடிக்கு ஒருமுறையும் மேல் ஜியில் இருமுறையும் ஒலி பெருகிச் சுருங்குகிறது. தைப்பூசத்துக்கு முந்திய நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வழிநெடுக அமையும் பந்தல்களில், விளக்குகளும் ஸ்பீக்கர்களும் ஒரே மின்வழியைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால் இத்தொல்லை மிகும். டி.ஐ. இணைப்பின் அருகே கிரவுண்ட் லிஃப்ட் என்னும் சிறு விசை இருப்பின் அதைத் தள்ளியதும் பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். மாறாக, மூன்று முள் பிளக்கின் மண் இணைப்பை அறுத்து இரைச்சலை ஒழிக்க முயல்வது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யலாகாது. நாய்ஸ் கேட் என்ற விளைவு வாசிக்காத வேளையில் இரைச்சலை மூடுமேயன்றி, வாசிக்கையில் போக்காது. நீண்ட ஸ்வரத்தின் வாலையும் அது அறுத்துவிடக்கூடும்.

கடைகளில் கிடைப்பனவற்றுள் ஸூம் பி1 ஃபோர், பாஸ் ஜி.டி.-1பி ஆகிய இரண்டும் நான்கு சிறிய ஏ.ஏ. பேட்டரிகளில் இயங்குவன. பேட்டரியில் இயங்கும்போது அடாப்டர் வழியே வரும் இரைச்சலுக்கு இடமில்லை என்பது பந்தல் மேடைகளில் அவற்றுக்குள்ள நன்மை. இரண்டிலும் எக்ஸ்.எல்.ஆர். இல்லாமையால் தனி டி.ஐ. பெட்டி ஒன்றை உடன் கொண்டுசெல்லுதல் நலம். ஸூம் பி6-இல் எக்ஸ்.எல்.ஆர். வழியும் தொடுதிரையும் அமைந்துள்ளன. லைன் 6 நிறுவனம் 2018-இல் வெளியிட்ட எச்.எக்ஸ். ஸ்டாம்ப், ஒலியை இரு கிளையாகப் பிரித்துத் தாழ்ந்த கிளையைத் தூயதாக வைத்து மேற்கிளையை மாத்திரம் உருமாற்றும் ஆற்றல் உடையது. பேஸுக்கு இதனினும் உகந்த ஏற்பாடு அரிது. ஆயினும் அதற்கு 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படுவதால், மற்றப் பெடல்களுக்குரிய சிறு அடாப்டர் அதை இயக்காது. சில நூறு மலேசிய வெள்ளியிலிருந்து சில ஆயிரம் வெள்ளி வரை விலை விரிந்துகிடக்கும் இச்சந்தையில், திரைப்பாடலே முக்கியமாக வாசிக்கும் குழுவினர் நல்ல கம்ப்ரெஸரும் பிளெண்டும் டியூனரும் அமைந்த எளிய பெட்டியை வாங்கி, மிஞ்சிய பணத்தை நல்ல டி.ஐ. பெட்டிக்கும் கம்பிகளுக்கும் செலவிடுவதே மேல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

எதை வாங்கினும், நினைவகத்தில் சேமிக்கும் ஒலியமைப்புகளின் உரப்பைச் சமப்படுத்தி வைத்தல் அவசியம். வீட்டில் தாழ்ந்த ஒலியில் அமைத்தது மேடையின் உரத்த ஒலியில் தாழ்ஸ்தாயி மிகுந்து தோன்றுமாதலால், ஒத்திகையில் டிரம்ஸுடன் வாசித்தே இறுதியாகத் திருத்துக. பழைய பெட்டியை வாங்குவோர், ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிகுந்த இத்தீவின் காற்றில் ஜாக் துளைகளும் கால்விசைகளும் களிம்பேறும் என்பதை அறிந்து, ஒவ்வொரு விசையையும் பலமுறை மிதித்தும், கம்பியைத் துளையில் செருகிச் சுழற்றியும், கரகரப்பு எழுகிறதா என்று செவிகொடுத்துக் கேட்டபின்னரே விலை பேசுதல் வேண்டும். அடாப்டரும் மூலப்பெட்டிக்கு உரியதுதானா, 240 வோல்ட்டைத் தாங்கவல்லதா என்று அதன்மேல் அச்சிட்ட எழுத்துக்களைப் படித்துப் பார்க்கவேண்டும். 100 வோல்ட் மின்சாரத்துக்கென ஜப்பானில் செய்த அடாப்டரை இங்குள்ள சுவரில் செருகினால் அது கருகிப்போவதுடன், பெட்டியையும் பழுதாக்கிவிடக்கூடும்.