விளம்பரதாரர் நிகழ்ச்சி (வானொலி)

வானொலியில் விளம்பரதாரர் நிகழ்ச்சி என்பது, ஒரு நிறுவனம் ஒலிபரப்பு நேரத்தை மொத்தமாக விலைக்கு வாங்கித் தன் பெயரில் வழங்கும் நிகழ்ச்சி ஆகும். இலங்கையில் இத்தகைய ஆதரவு அனுசரணை எனப்படுகிறது. பல நிறுவனங்கள் சில நொடிகளை மட்டும் வாங்கி ஒலிக்கச் செய்யும் இடைவேளை விளம்பரங்களில் இருந்து இது வேறுபட்டது. ஐக்கிய அமெரிக்காவின் வலையமைப்பு வானொலிகள் 1920களின் பிற்பகுதி முதல் 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலும் இம்முறையிலேயே பொருள் ஈட்டின. எனவே, இடைவேளை விளம்பரங்கள் இன்றி வணிக வானொலி வெற்றி பெற முடியுமா என்ற கேள்விக்கு இம்முறையின் வரலாறு முக்கியமான சான்றாகும்.

பின்னணி

வானலையில் வரும் ஒலியை வானொலிப் பெட்டி உள்ள எவரும் கேட்க இயலும். கேட்பவரிடம் நேரடியாகக் கட்டணம் பெறுவதற்குத் தொடக்க காலத்தில் தொழில்நுட்ப வழி எதுவும் இல்லை. பிரித்தானியா உரிமக் கட்டணம் மூலம் இச்சிக்கலைத் தீர்த்தது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம், நியூயார்க்கில் தான் நடத்திய டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையத்தின் நேரத்தைத் தொலைபேசி அழைப்பைப் போலவே கட்டணத்திற்கு விற்றது. ஆகஸ்ட் 28, 1922 அன்று ஒரு வீட்டுமனை நிறுவனம் தன் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றி இந்நிலையத்தில் ஆற்றிய உரை, முதல் வானொலி விளம்பரமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

அமெரிக்காவில் வளர்ச்சி

நேரடி விற்பனைப் பேச்சு கேட்பவரை எரிச்சலூட்டும் என்ற அச்சம் அப்போது இருந்தது. அதனால் நிறுவனங்கள் தம் பெயரை நிகழ்ச்சியின் பெயரோடு இணைத்துக்கொண்டன. மின்கலம் தயாரித்த நிறுவனம் 1923 இல் தொடங்கிய 'எவரெடி அவர்' இதற்கு எடுத்துக்காட்டு. 1929 இல் பெப்சோடென்ட் பற்பசையின் ஆதரவில் 'ஏமஸ் அண்ட் ஆண்டி' நாடு முழுவதும் ஒலிபரப்பானது. 1933 இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் ஆக்சிடால் சலவைத்தூளுக்காக 'மா பெர்கின்ஸ்' என்ற தொடர் நாடகத்தை வழங்கியது. இவ்வகைத் தொடர்களுக்கு 'சோப் ஆப்பரா' என்ற பெயர் ஏற்பட்டதற்குச் சோப்பு நிறுவனங்களின் ஆதரவே காரணம். 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்' 1934 முதல் 1955 வரை நீடித்தது.

பல நிகழ்ச்சிகளை வானொலி நிலையங்கள் தயாரிக்கவில்லை; விளம்பர முகமைகளே கதை, நடிகர், இசைக்குழு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தன. ஆதரவாளர் கிடைக்காத நிகழ்ச்சிகளை நிலையம் தன் செலவில் நடத்தியது. ஆர்சன் வெல்சின் மெர்க்குரி நாடகக் குழு 1938 இல் ஆதரவாளர் இன்றியே தன் வானொலி நாடகங்களைத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் வேற்றுக்கோள் படையெடுப்பு பற்றிய நாடகம் பரபரப்பை உண்டாக்கியபின், கேம்பெல் சூப் நிறுவனம் ஆதரவாளரானது. நிகழ்ச்சியின் பெயரும் 'கேம்பெல் பிளேஹவுஸ்' என மாறியது.

லக்சம்பர்க், இலங்கை

பிரித்தானியாவில் வணிக வானொலிக்கு அனுமதி இல்லாத காலத்தில், அந்நாட்டு நேயர்களைக் குறிவைத்து லக்சம்பர்க் வானொலி ஒலிபரப்பியது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அதன் நேரத்தில் பெரும்பகுதியை இசைத்தட்டு நிறுவனங்கள் வாங்கித் தத்தம் தட்டுகளை மட்டுமே ஒலிக்கச் செய்தன. சிறு நிறுவனங்களின் பாடல்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. 1964 இல் கப்பலில் இருந்து ஒலிபரப்பைத் தொடங்கிய கரோலைன் வானொலி உருவாக இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

ஆசியாவில் இம்முறையின் பெரும் வெற்றி இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் அமைத்த ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி இதற்கு உதவியது. அகில இந்திய வானொலி 1952 முதல் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியது. 1967 வரை அது விளம்பரங்களையும் ஏற்கவில்லை. இந்த இடைவெளியில், 1952 டிசம்பரில் பினாக்கா பற்பசையின் ஆதரவில் அமீன் சயானி தொகுத்து வழங்கிய 'பினாக்கா கீத்மாலா' இந்தியா முழுவதும் புகழ்பெற்றது. வர்த்தக சேவையின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு மக்களும் விரும்பிக் கேட்டனர்.

இடைவேளை விளம்பரத்தின் எழுச்சி

1950களில் பெரிய ஆதரவாளர்கள் தொலைக்காட்சிக்குச் சென்றனர். வருவாயை இழந்த அமெரிக்க நிலையங்கள் இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, நேரத்தைச் சிறு துண்டுகளாக உள்ளூர் வணிகர்களுக்கு விற்றன. செலவு குறைந்தது, எந்த ஒரு விளம்பரதாரரையும் நிலையம் முழுமையாகச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் வெளிச்செல்வாக்கு மறையவில்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தது வெளியாகி, 1960 இல் இதற்கு எதிராகச் சட்டம் திருத்தப்பட்டது.

பிரித்தானியா மாற்று வழியைப் பின்பற்றியது. விளம்பரதாரர் நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தில் தலையிடாதிருக்க, 1954 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டம் விளம்பரத்தையும் நிகழ்ச்சியையும் தனித்தனியாகப் பிரித்தது. 1973 இல் தொடங்கிய வணிக வானொலியும் இடைவேளை விளம்பரங்களையே சார்ந்திருந்தது.

சந்தா முறை

செயற்கைக்கோள் ஒலிபரப்பில் குறியீடாக்கம் வந்தபின் கேட்பவரிடமே கட்டணம் பெற முடிந்தது. அமெரிக்காவில் எக்ஸ்எம் 2001 இலும் சிரியஸ் 2002 இலும் சேவையைத் தொடங்கி, 2008 இல் இணைந்தன. இணைந்த நிறுவனம் 2009 இல் திவாலாகும் நிலையை எட்டி, லிபர்ட்டி மீடியா அளித்த 53 கோடி டாலர் கடனால் தப்பியது. 2023 இல் அதற்கு 3 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தனர். எனினும் அதன் பேச்சு அலைவரிசைகள் பலவற்றில் விளம்பரங்கள் உண்டு. இந்தியாவில் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலிபரப்பிய வேர்ல்டுஸ்பேஸ் 2008 இல் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் இந்தியச் சேவை 2009 இறுதியில் நின்றது.

மதிப்பீடு

இடைவேளை விளம்பரம் இன்றியும் வணிக வானொலி நீண்ட காலம் இலாபத்துடன் இயங்கியுள்ளது. ஆனால் விளம்பரதாரர் நிகழ்ச்சி முறையில் எதை ஒலிபரப்புவது என்ற முடிவு பெருமளவு நேரத்தை வாங்கியவரிடம் சென்றது. சந்தா முறையில் கேட்பவரே வாடிக்கையாளர் ஆகிறார். ஆனால் செயற்கைக்கோள், தனிவகை வானொலிப் பெட்டி ஆகியவற்றுக்கான பெரும் முதலீடு தேவைப்படுகிறது. மேலும், கட்டணம் செலுத்த இயலாதோருக்கு அச்சேவை எட்டுவதில்லை. இடைவேளை விளம்பரம் கேட்பவரின் பொறுமையைச் சோதித்தாலும், வானொலியை இலவசமாகவும், தனியொரு நிறுவனத்தின் பிடியில் இருந்து ஓரளவு விடுபட்டதாகவும் வைத்திருக்கிறது.

இவற்றையும் பார்க்க

- இலங்கை வானொலி
- விவித் பாரதி
- செயற்கைக்கோள் வானொலி