ஏர்வாடிச் சங்கிலியும் நம் வீட்டுப் பிள்ளையும்



ஆகஸ்ட் 6 என்றால் வரலாறு படித்தவர்களுக்கு ஹிரோஷிமா. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அந்தத் தேதியில் இன்னொரு துக்கமும் உண்டு. 2001ஆம் ஆண்டு அதே நாள் விடியற்காலையில், கீழக்கரையைத் தாண்டி இருக்கும் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற தனியார் விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. இறந்தவர்கள் மொத்தம் 28 பேர்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் தங்கை பேரனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு இன்னும் வரவில்லை. கோபம் வந்தால் தலையைச் சுவரில் முட்டுவான், பக்கத்தில் இருப்பவரைக் கடிப்பான், கையில் கிடைத்ததை எறிவான். போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் ஒருவர், "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயி நாப்பது நாள் கட்டிப் போட்டா தன்னால அடங்கிருவான்" என்று குரல் பதிவு போட்டிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளையின் தாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. குழுவில் சண்டை போடுவதைவிட வரலாறாகச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஏர்வாடி தர்கா வேறு, அந்தக் காப்பகங்கள் வேறு. சையது இப்ராஹிம் ஷஹீது அடங்கிய அந்த இடத்துக்கு முஸ்லிம், இந்து, கிறித்தவர் என்று எல்லாரும் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். தர்காவின் தீர்த்தமும் விளக்கு எண்ணெயும் மருந்து, கனவில் உத்தரவு வந்தால் வீடு திரும்பலாம் என்பது நம்பிக்கை. நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. ஆனால் உத்தரவு வரும்வரை தங்க வேண்டுமே, வெளியூர்க் குடும்பம் எத்தனை மாதம் தங்கும்? அந்த இடைவெளியில்தான் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் கொட்டகைகள் முளைத்தன. பார்த்துக்கொள்வது என்றால் கட்டிப் போடுவது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்றது. அது காகிதத்தில் இருந்தது.

தீக்குப் பிறகு ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்று 2002இல் உத்தரவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த முறையிலும், எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. நம்மூர்க் கொட்டகையில் வெந்தவர்களுக்கும் அந்தச் சட்ட வரிக்கும் நடுவில் 16 வருடம்.

சங்கிலி நம் கண்டுபிடிப்பு அல்ல. பாரீஸில் பிசேத்ர் என்ற மருத்துவமனையிலும் மனநோயாளிகளைச் சங்கிலியில்தான் வைத்திருந்தார்கள். 1797இல் அதைக் கழற்றியவர் புசென். அவர் டாக்டர் இல்லை, முன்பு தோல் பதனிடும் தொழிலாளி, அதே மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்து பிறகு மேற்பார்வையாளர் ஆனவர். பெயர் மட்டும் டாக்டர் பினேலுக்குப் போய்விட்டது. (வரலாற்றில் இது வழக்கம்தானே!) சங்கிலி போன இடத்தில் கையைக் கட்டும் சட்டை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வருவதுதான் நம் பேரனுக்கு நெருக்கமான கதை. 1800ஆம் ஆண்டு தெற்குப் பிரான்சில் காட்டுப் பக்கம் திரிந்த, ஏறக்குறைய பன்னிரண்டு வயதுப் பேசாத சிறுவன் ஒருவன் பிடிபட்டான். பின்னால் விக்டர் என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று இன்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். இதார் என்ற இளம் டாக்டர் பாரீஸ் காதுகேளாதோர் பள்ளியில் வைத்து அவனுக்குப் பாடம் சொன்னார். பாடம் கடினமாகும் போதெல்லாம் விக்டர் கத்தினான், கடித்தான், விழுந்து துடித்தான். ஒருநாள் பொறுமை இழந்த இதார், உயரம் என்றால் அவனுக்குப் பயம் என்று தெரிந்தே, அவனைத் தூக்கி மேல்மாடி ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்தார். பையன் அடங்கிவிட்டான். வெளிறிப்போய் வந்து பாடத்தை எடுத்து வைத்தான், பிறகு படுக்கையில் விழுந்து அழுதான். இதை இதாரே எழுதியிருக்கிறார், ஒரு வெற்றியைப் போல.

ஆசிரியராக இருந்த எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. அடங்குவதும் கற்பதும் ஒன்றல்ல. அந்தப் பையன் கத்தியது பாடம் புரியாததால். ஜன்னல் அவனுக்கு எதைப் புரியவைத்தது? கடைசிவரை அவனைப் பார்த்துக்கொண்டது டாக்டர் இல்லை, கெரேன் என்ற அம்மாள். விக்டர் 1828இல் இறக்கும்வரை அவர் வீட்டில்தான் இருந்தான்.

ஆட்டிசம் என்று தனியாகப் பிரித்துச் சொன்னது 1943இல் அமெரிக்காவில் லியோ கானர், 11 குழந்தைகளைப் பார்த்து. அடுத்த இருபது வருடம் அங்கே பழி தாயின் மேல் விழுந்தது. பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பெரிய படிப்பாளிகளே எழுதினார்கள். நம் வீட்டுக் கிழவிகள் சொன்னால் மட்டும் மூடநம்பிக்கையா? 1964இல் ரிம்லாண்டு என்பவர், தானே ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று புத்தகம் எழுதி அந்தப் பழியை உடைத்தார். அதே அறுபதுகளில் கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற உளவியலாளர், தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். அப்போதைக்கு நின்றது. ஜன்னல் போய் மின்கம்பி வந்தது, அவ்வளவுதான்.

திருப்பம் 1985இல். கார், டுரண்ட் என்ற இருவர், நான்கு பிள்ளைகளை வைத்து, எப்படி அடக்குவது என்று கேட்காமல், எதற்காகக் கத்துகிறார்கள் என்று கேட்டார்கள். வேலை கடினமாக இருந்தால் ஒரு பிள்ளை கத்தியது. கவனிக்காவிட்டால் இன்னொன்று கத்தியது. முதல் பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று கேட்கவும், மற்றதற்கு "நான் சரியாகச் செய்கிறேனா" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கத்தல் வெகுவாகக் குறைந்தது. மாற்றிக் கற்றுக்கொடுத்தால் குறையவில்லை. கத்தல் ஒரு பேச்சு, அதற்குப் பதிலாக வேறு பேச்சைக் கொடு என்பது அவர்கள் கண்டது.

நம் பிள்ளையிடமே இதைப் பார்த்தோம். தை அமாவாசைக்கு அவனை இராமேஸ்வரம் அழைத்துப் போனார்கள். 22 தீர்த்தம். கூட்டம், ஈரத் தரை, பிரகாரத்தில் எதிரொலி, ஒவ்வொரு கிணற்றிலும் முன்பின் தெரியாத ஒருவர் வாளியோடு தலையில் ஊற்றுகிறார். மூன்றாவது கிணற்றில் கத்த ஆரம்பித்தான், ஐந்தாவதில் தகப்பன் தோளைக் கடித்தான். "சாமி கோபம்" என்றார் ஒருவர். அவன் தாய் மட்டும், "மாமா, அவனுக்கு வீட்டிலயே தலைக்கு ஊத்துனா பிடிக்காது, தோள்ல ஊத்துனா பேசாம நிப்பான்" என்றாள். 1985இல் அமெரிக்காவில் கண்டதை அவள் பாத்ரூமில் கண்டிருக்கிறாள்.

இப்போது அவர்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். கத்தலுக்கு முன் என்ன நடந்தது, அப்போது என்ன செய்தான், அதன் பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று கட்டம். மூன்று வாரத்தில் பாதிக் கத்தல் மிக்சி சத்தத்துக்கும், திடீரென்று வெளியே கிளம்புவதற்கும் என்று தெரிந்தது. மிக்சி போடும் முன் அவனைத் திண்ணைக்கு அனுப்புகிறார்கள். கிளம்பும் முன் செருப்புப் படத்தைக் காட்டுகிறார்கள். "போதும்" என்பதற்குக் கையை விரித்துக் காட்டக் கற்றுக்கொடுக்கிறார் பயிற்சியாளர். ஆவேசம் வந்துவிட்டால் அப்போது புத்தி சொல்வதில்லை. கூட்டத்தை விலக்கி, தலைக்குக் கீழே தலையணை வைத்து, குறைந்த குரலில் பக்கத்தில் இருப்பது மட்டும்தான். திடீரென்று புதிதாக ஆவேசம் கூடினால் பல் வலி, காது வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலியும் கத்தலாகத்தானே வரும். கடிப்பது நின்றுவிடவில்லை. போன செவ்வாய்க்கிழமைகூட என் தங்கை கையில் பல் பதிந்திருந்தது.

பத்திரிகைகள் இதை மதியிறுக்கம் என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவன் மதி இறுகியதாகத் தெரியவில்லை, வீட்டில் யார் செருப்பு எது என்று எங்களைவிட அவனுக்குத்தான் தெரியும்.

குழுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆட்டிசம் மனநோய் அல்ல. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் தனி வகையாகவே இருக்கிறது. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு. சான்றிதழ் வேலைகளுக்கு அலைய ஆள் வேண்டும். பிள்ளையின் தகப்பன் கடலுக்குப் போகிறவர், வாரத்தில் பாதி நாள் கரையில் இல்லை. இராமநாதபுரத்தில் அலுவலகங்களில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது ஒருநாள் கூட வந்தால் பெரிய உதவி. ஏர்வாடிக்குப் போவதென்றால் துஆ செய்யப் போகலாம், நானும் வருகிறேன். ஆனால் பிள்ளை அன்று சாயங்காலமே எங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருவான்.