பழைய இரும்புக் கட்டில், சக்கர நாற்காலிக்கு வீட்டில் வண்ணம் பூசுதல்: பாதுகாப்பு முறைகள்

நோயாளிக்காக வீட்டில் பயன்படுத்தப்படும் இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, நடைச்சட்டம், கழிப்பறை நாற்காலி ஆகியவற்றில் நாளடைவில் வண்ணம் உரிந்து துரு ஏறுகிறது. துருவேறிய பரப்பை முழுமையாகத் துடைத்துத் தூய்மை செய்ய இயலாது. நலிந்த தோலில் சிராய்ப்பும் ஏற்படும். எனவே இவற்றைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மீண்டும் வண்ணம் பூசுவது பயனுள்ள பணியே. ஆயினும் இப்பணியில் அதிகக் கவனம் தேவைப்படுவது புதிய வண்ணத்தைப் பூசும்போது அன்று. பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதுதான்.

பழைய வண்ணத்தில் உள்ள ஆபத்து என்ன?

பழைய எனாமல் வண்ணங்களிலும் பிரைமர்களிலும் காரீயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம். பாத்திரங்களுக்குப் பூசப்படும் வெள்ளீயம் வேறு; இங்குக் குறிப்பிடப்படும் காரீயம் நச்சுத்தன்மை உடையது. இந்தியாவில் வீட்டு உபயோக வண்ணங்களில் காரீயத்தின் அளவை பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. எனவே அதற்கு முன் பூசப்பட்ட வண்ணத்தையும், எப்போது பூசப்பட்டது எனத் தெரியாத வண்ணத்தையும் காரீயம் கலந்ததாகவே கருதிச் செயல்படுதல் வேண்டும்.

முற்காலத்தில் இரும்புக்கு அடிக்கப்பட்ட ‘ரெட் லெட்’ பிரைமர் காரீயத்தால் ஆனது. இன்று கடைகளில் கிடைக்கும் ‘ரெட் ஆக்சைடு’ பிரைமர் இரும்பு ஆக்சைடால் சிவப்பு நிறம் பெறுகிறது, இரண்டும் ஒன்றல்ல. எனினும் சில ரெட் ஆக்சைடு வகைகளில் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய துத்தநாகக் குரோமேட் கலந்திருக்கும். காரீயமும் குரோமேட்டும் அற்றது என டப்பாவில் குறிப்பிடப்பட்ட பிரைமரையே வாங்குதல் நலம்.

யாருக்குப் பாதிப்பு மிகுதி?

காரீயத்திற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வயிற்றுக்குள் செல்லும் காரீயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சுகிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் பழக்கத்தால் தூசி எளிதில் உட்செல்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைகளிடம் இது மேலும் அதிகரிக்கும். மூளை வளர்ச்சி, கற்றல் திறன் ஆகியவை நிலையாகப் பாதிக்கப்படலாம். எலும்பில் படிந்த காரீயம் கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவையும் சென்றடையும்.

வண்ணம் பூசும் முன் கவனிக்க வேண்டியவை

வண்ணம் இரும்பை மறைக்குமே தவிர வலுப்படுத்தாது. பற்றவைத்த இணைப்புகளில் விரிசல், துரு அரித்த துளை, வளைந்த குழாய் ஆகியவை இருப்பின் அப்பொருளைப் பயன்படுத்தக் கூடாது. சக்கர அச்சு, பிரேக், உயரத்தை மாற்றும் பொத்தான், எடை வரம்பு குறித்த பட்டை ஆகியவற்றின் மீது வண்ணம் படாதவாறு தாள் ஒட்டி மறைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாய்களில் சாதாரண எனாமல் விரைவில் உரிந்துவிடும். அவற்றிற்கென உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாதுகாப்பான செய்முறை

1. பணியை வீட்டிற்கு வெளியே, திறந்த வெளியில் செய்க. குழந்தைகள், கருவுற்றோர், நோயாளி ஆகியோர் அருகில் இருத்தல் கூடாது. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரிக்க வேண்டும்.

2. என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை அணிக. துணியாலான சாதாரண முகக்கவசம் இத்தூசியைத் தடுக்காது. என்95 கவசமும் தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் காற்றோட்டமே பாதுகாப்பு.

3. பரப்பை நீரால் நனைத்து, வாட்டர் பேப்பர் கொண்டு ஈரமாகவே தேய்க்கவும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய வண்ணத்தை முழுவதும் அகற்ற வேண்டியதில்லை. உரியும் பகுதியையும் துருவையும் நீக்கினால் போதும்.

4. ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தவுடன் பிரைமர் அடிக்கவும். ஈரத்துடன் விட்டால் மீண்டும் துரு பிடிக்கும். பிரைமர் காய்ந்த பின் எனாமலை மெல்லிய இரு பூச்சுகளாகப் பூசவும்.

5. சுரண்டிய கழிவு, விரிப்பு, துணி ஆகியவற்றைப் பையில் கட்டி மூடவும். கழிவு நீரைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

6. பணி முடிந்ததும் குளித்து, அணிந்த ஆடையைத் தனியே துவைக்கவும். கைகழுவாமல் உண்பதும் புகைப்பதும் கூடாது.

செய்யக் கூடாதவை

• கிரைண்டர் கொண்டோ உலர்ந்த உப்புத்தாள் கொண்டோ பழைய வண்ணத்தைத் தேய்த்தல்.
• தீயில் வாட்டியோ எரித்தோ வண்ணத்தை நீக்குதல். காரீயம் புகையாக மாறி நுரையீரலை அடையும்.
• வண்ணம் நீக்கும் திரவத்தை மூடிய அறையில் பயன்படுத்துதல். டைக்குளோரோமீத்தேன் கலந்த வகைகள் உயிரிழப்பு விளைவித்துள்ளன.
• தின்னர், டர்பெண்டைன் ஆகியவற்றைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தல்.
• ஆக்சிஜன் கருவி இயங்கும் அறையில் வண்ணம் பூசுதல். தீ விபத்து நேரிடலாம்.

நோயாளி எப்போது பயன்படுத்தலாம்?

தொட்டால் ஒட்டாத நிலையை வண்ணம் சில மணி நேரத்தில் அடைந்தாலும், உட்புறம் இறுக மேலும் நாட்கள் ஆகும். ஏறத்தாழ ஒரு வாரம் திறந்த வெளியில் உலர்த்தி, மணம் நீங்கிய பின்னரே நோயாளியின் அறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோருக்கு வண்ண மணம் மூச்சிரைப்பைத் தூண்டும். கட்டிலுக்கான மாற்று ஏற்பாட்டை முன்னரே செய்துகொண்டு பணியைத் தொடங்குக.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பழைய வண்ணத்தை உலர்வாகச் சுரண்டிய இடத்தில் குழந்தையோ கருவுற்றவரோ இருந்திருப்பின், அறிகுறி இல்லாவிடினும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, எரிச்சல், சோர்வு ஆகியவை காரீய நச்சின் அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலும் அறிகுறியே இராது. இரத்தப் பரிசோதனையால் மட்டுமே உறுதி செய்ய இயலும். இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின், அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து அகற்ற வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

தின்னரையோ டர்பெண்டைனையோ யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது; அது நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே 108 ஆம்புலன்சை அழைத்து, டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. துருப்பிடித்த இரும்பு கிழித்துவிட்டால் காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, தடுப்பூசி தேவையா என ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிக. இரணஜன்னியைத் தோற்றுவிப்பது துரு அன்று, காயத்தில் புகும் கிருமியே. ஆதலால் துரு இல்லாத இரும்பால் ஏற்பட்ட காயத்தையும் புறக்கணித்தல் கூடாது.