நடையும் நடைச்சிந்தும்: பொருநை நாட்டு வழிநடைப் பாடல்கள் குறித்த ஓர் ஆய்வு

நடை என்னும் சொல் தமிழில் பல பொருள் குறித்து வழங்குகிறது. காலால் இயங்குவது நடை. புலவன் எழுதும் பாங்கும் நடை. தாளத்தின் உள்ளளவை மும்மை நடை, நான்மை நடை என்பர் இசைவாணர். அடி என்னும் சொல்லும் அத்தகையதே. அது பாதத்தையும் குறிக்கும், பாட்டின் வரியையும் குறிக்கும். இச்சொல்லொற்றுமை ஒன்றே எதனையும் நிறுவிவிடாது. ஆயினும், நடந்துகொண்டே பாடுவதற்கென ஓர் இலக்கிய வகையை ஆக்கிக்கொண்ட நாட்டில் அவ்வொற்றுமை ஆராயத் தக்கதாகின்றது. வழிநடைச் சிந்து, காவடிச் சிந்து என்பன அவ்வகையைச் சார்ந்தன. அவை திருநெல்வேலிச் சீமையில் விளங்கிய வரலாற்றையும், அவற்றின் யாப்பு நடப்போன் காலோடு கொண்ட உறவையும் இக்கட்டுரையில் நோக்குவாம். நடை தளர்ந்த நோயாளர்க்குத் தாளவொலி துணையாதலைப் பற்றி அண்மைக்கால மருத்துவ நூலார் கண்டனவற்றையும் உடன்வைத்து ஆராய்வாம்.

வழியும் பாட்டும்

பொதிகையில் தோன்றிப் பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து புன்னைக்காயலருகே கடலிற் கலப்பது பொருநை எனப்படும் தாமிரபரணி. குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியில் அதனுடன் கூடும். இவ்விரண்டு ஆறுகளின் கரையூர்களிலிருந்து மக்கள் கிழக்கே திருச்செந்தூருக்கும், வடக்கே கரிசல் நிலத்திலுள்ள கழுகுமலைக்கும் காவடி எடுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். புகைவண்டியும் பேருந்தும் வருமுன் இப்பயணம் பெரும்பாலார்க்குக் கால்நடைப் பயணமே. தோளிற் சுமை, காலில் வெம்மணல், நாள் முழுதும் நடை என்னும் இம்மூன்றையும் பொறுத்துக்கொள்ளத் துணையாய் நின்றது பாட்டு. அப்பாட்டு வழியிலுள்ள ஊரையும் சோலையையும் சுனையையும் முறையே கூறிச் செல்லும். உடன் வருவாரை விளித்துக் காட்டும். நடப்போன் பார்ப்பதும் பாடுவதும் ஒன்றேயாதலின் வழிநடைச் சிந்து என்னும் பெயர் அதற்குப் பொருத்தமாயிற்று.

இம்மரபை இலக்கியத் தகுதிக்கு உயர்த்தியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865ஆம் ஆண்டில் பிறந்து 1891ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்த இப்புலவரை ஆதரித்தவர் ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவர். தேவரின் இருப்பிடம் சிற்றாற்றங்கரை வீரகேரளம்புதூர். அவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது உடன்சென்ற புலவர் பாடியனவே காவடிச் சிந்து என்பது வழிவழி வரும் செய்தி. கழுகுமலை, சங்கரன்கோவிலுக்கும் கோவிற்பட்டிக்கும் இடையிலுள்ளது. அன்று திருநெல்வேலி மாவட்டமாயிருந்த அந்நிலப்பரப்பு, 1986இல் தூத்துக்குடி மாவட்டமும் 2019இல் தென்காசி மாவட்டமும் தோன்றிய பின்னர், இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பாட்டின் வழி அவற்றை இன்றும் ஒன்றாகவே இணைக்கிறது.

அண்ணாமலையார் ஆண்ட இவ்வடிவம் அவரோடு நிற்கவில்லை. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்து திருநெல்வேலியில் கல்வி பயின்ற பாரதியார் சிந்து யாப்பை மிகுதியாகக் கையாண்டார். 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திற் பெரும்பகுதி நொண்டிச் சிந்து முதலிய சிந்து வடிவங்களால் ஆயது. கற்றோர் அவையில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட யாப்பு, ஒரு தலைமுறைக்குள் காப்பியம் பாடும் யாப்பாயிற்று.

யாப்பும் காலும்

வெண்பா, ஆசிரியப்பா முதலியவற்றில் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றை நோக்கி நேரசை, நிரையசை எனப் பிரிப்பது முறை. சிந்துப் பாட்டை அம்முறையால் அலகிடப் புகுவோர் இடர்ப்படுவர். சீர்கள் ஒவ்வா, தளை பொருந்தாது. அதனால் சிந்து இலக்கணமற்றது என்னும் பிழைக்கருத்தும் எழுந்தது. புதுவை இரா. திருமுருகனார் சிந்துப் பாடல்களின் யாப்பைத் தனியே ஆராய்ந்து, அதற்குத் தாளமே அளவுகோல் என்பதை விளக்கினார். சிந்திற் கணக்கிடப்படுவது பாடும் காலம். எழுத்துக் குறைந்தவிடத்தை இசை நீட்டம் நிரப்பும். வரி முடிந்தவிடத்து எஞ்சிய காலத்தை ஓய்வோ பறையோ நிரப்பும். எனவே ஏட்டில் குறையுடையது போலத் தோன்றும் அடி, பாடுங்கால் நிறைவுடையதாகும்.

இவ்வுண்மையோடு நாம் ஒன்றைச் சேர்த்துக் கூற விரும்புகிறோம். வழிநடைச் சிந்தின் காலத்தை அளப்பது கைத்தாளம் மட்டுமன்று, நடப்போன் காலுமாம். இடக்கால், வலக்கால் என மாறி விழும் அடிகள் சம இடைவெளி உடையன. தட்டு விழும் இடைவெளி சமமாயின், அதன் உட்பிரிவு மூன்றாயினும் நான்காயினும் கால் அதனைப் பற்றிக்கொள்ளும். ஏழன் நடையிலோ, மூன்றும் நான்குமாகப் பிரிந்து தட்டு விழுமாயின், ஓரடி குறுகியும் மற்றோரடி நீண்டும் நடத்தல் வேண்டும். அஃது ஆடுவார்க்கு அழகு. நெடுவழி நடப்பார்க்கு இடையூறு. ஆகவே, காவடிச் சிந்து என ஒரே பெயரால் தொகுக்கப்பட்டவற்றுள் காவடியாட்டத்திற்கு உரியனவும் வழிநடைக்கு உரியனவும் கலந்திருத்தல் கூடும். அவற்றைப் பிரித்தறியத் தட்டின் இடைவெளியே கருவியாம் என்பது எம் துணிபு.

முடுகு பற்றியும் ஒரு சொல். முடுகிற் குற்றெழுத்துகள் செறிந்து ஓடும். அதனாலேயே தட்டு விரைவதில்லை. எழுத்தின் விரைவு வேறு, தாளத்தின் விரைவு வேறு. நையாண்டி மேளத்தார் தவிலும் பம்பையும் முழக்கிக் காலத்தையே விரைவுபடுத்தும்போதுதான் காலும் விரையும். இவ்வேறுபாடு பின்னர்க் கூறப்போகும் செய்திக்கு இன்றியமையாதது.

நோயும் தாளமும்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் ஆறு நோயாளரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து, நடுக்குவாதம் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். கை நடுங்கும், உடல் முன்னே வளையும், நடக்கத் தொடங்கியோர் தம்மையறியாமல் சிற்றடி வைத்து ஓடத் தலைப்படுவர் என அவர் குறித்தார். பின்னர் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நடுமூளையில் கருநிறம் பொருந்திய பகுதியின் நரம்பணுக்கள் அழிதலால் டோபமைன் என்னும் பொருள் குறைவதே இந்நோயின் தலையாய கூறு. இக்குறைவை 1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகேவிச் ஆகியோர் கண்டு வெளியிட்டனர். இப்பொருள் குறையுங்கால், எண்ணாமலே நிகழும் செயல்களின் கால ஒழுங்கு கெடுகிறது. நலமுடையான் ஒவ்வோர் அடியையும் எண்ணி நடப்பதில்லை. நோயுற்றானுக்கோ ஒவ்வோரடியும் ஒரு முயற்சியாகிறது. சிலர்க்கு வாயிற்படியிலோ திருப்பத்திலோ கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடும்.

உள்ளே கெட்ட ஒழுங்கைப் புறத்தேயிருந்து அளித்தல் இயலுமா? கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் தௌட்டும் உடனுழைத்தோரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவிற்கு விடை கண்டது. தட்டொலி தெளிவாக அமைந்த இசையைக் கேட்டுக்கொண்டே நோயாளர் மூன்று வாரம் தம் வீட்டிலேயே நடைப்பயிற்சி செய்தனர். அவர்தம் நடைவேகம் 25 விழுக்காடும், அடியின் நீளம் 12 விழுக்காடும், குறித்த காலத்தில் வைக்கும் அடிகளின் எண்ணிக்கை 10 விழுக்காடும் உயர்ந்தன. ஒலித்துணையின்றித் தாமே பயின்றோர் வேகம் 7 விழுக்காடே உயர்ந்தது. பயிலாதார் வேகம் 7 விழுக்காடு தாழ்ந்தது. காதின்வழிப் புகும் தாளம், பழுதுற்ற பகுதியைச் சாராமல் வேறு நரம்புவழிகளால் காலை இயக்குகிறது என்பது அறிஞர் தரும் விளக்கம்.

இதனை மிகைப்படுத்தலாகாது. இங்கிலாந்து, பெல்சியம், நெதர்லாந்து நாடுகளில் 153 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி முதலிய குறிப்புகளால் நடை திருந்துவதை உறுதிசெய்தது. ஆயினும் பயிற்சி நின்று ஆறு வாரங்களில் பயன் பெரிதும் குறைந்ததையும் காட்டியது. தாளம் நோயை நீக்குவதன்று. ஊன்றுகோல் போல்வது, ஊன்றியிருக்கும்வரை உதவுவது.

ஒப்புமையும் அதன் எல்லையும்

நடைச்சிந்தையும் இம்மருத்துவ முறையையும் ஒருங்கு நோக்குவார்க்கு மூன்று ஒப்புமைகள் புலனாகும். முதலாவது, இரண்டிற்கும் அடிப்படை சம இடைவெளியில் விழும் தட்டு. இரண்டாவது, பாடுவோன் தானே நடத்தல். அமெரிக்க நாட்டுச் செயின்று லூயி நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், இசையைக் கேட்டு நடப்பதினும் மனத்துள் பாடிக்கொண்டே நடக்குங்கால் அடிகளின் ஒழுங்கு மிகுதியும் காக்கப்படுவதை 2019இல் எடுத்துக்காட்டினர். புறத்தாளத்தைக் கால் துரத்த வேண்டும். தன் பாட்டோ தன் காலுக்கு இசைந்து வரும். வழிநடைச் சிந்து கேட்பதற்கு எழுந்ததன்று. நடப்போன் வாயிற் பிறப்பது. மூன்றாவது, பழகிய பாட்டாதல். சிறுபருவத்தே தைப்பூச வழியிற் பாடிய பாட்டு முதுமையிலும் நினைவை விட்டு அகல்வதில்லை.

ஆயினும் எல்லை கடத்தலாகாது. காவடி எடுத்தோர் நடுக்குவாதத்திற்கு மருந்தாகச் சிந்து பாடினர் எனக் கூறச் சான்று யாதுமில்லை. இன்று அயல்நாட்டார் கண்டதனை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பேசுவது மேடைக்கு இனிதாகலாம், ஆராய்ச்சிக்கு ஆகாது. நொண்டி நாடகங்களை எடுத்துக்காட்டுவதும் பொருந்தாது. சீதக்காதி நொண்டி நாடகம் முதலியவற்றுள் நொண்டியாகத் தோன்றும் தலைவன், பொதுமகள்மேற் கொண்ட காதலால் குதிரை திருடிப் பிடிபட்டு உறுப்புக் குறைக்கப்பட்டவன். இறுதியில் அவன் மீண்டும் உறுப்புப் பெறுவது இறையருளால், தாளத்தால் அன்று. நொண்டிச் சிந்து என்னும் பெயர்கொண்டு அதனை நடைநோயின் மருந்துப் பாட்டு எனக் கருதுவார் பெயரால் மயங்கியவராவர்.

நம் முன்னோர் அறிந்தது வேறொன்று. தளர்ந்த காலைப் பாட்டு நடத்தும் என்பதனை அவர்கள் நூலாக எழுதவில்லை, வழக்கமாக வாழ்ந்தனர். அவ்வழக்கத்திலிருந்து ஒரு யாப்பும், அவ்யாப்பிலிருந்து ஓர் இலக்கியமும் தோன்றின. சான்றுகள் இடந்தருவது இந்த அளவிற்கே. இதுவே போதிய பெருமையுமாகும்.

செய்யத் தக்கன

இன்று தைப்பூசக் காலத்தில் பச்சையாடை உடுத்துத் திருச்செந்தூர் நோக்கி நடப்போர் கூட்டத்தை நெல்லைச் சாலைகளிற் காணலாம். அவர்களுள் பலர் பாடுவதில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஊர்தி அவர்கட்காகப் பாடிச் செல்கிறது. வாய்ப்பாட்டாக நடைச்சிந்து அறிந்தோர் முதியராயினர். அச்சிட்ட பதிப்புகளோ சொல்லைக் காத்தன, காலத்தைக் காக்கவில்லை. சிலவற்றில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் எத்துணை விரைவிற் பாடப்பட்டது, தட்டு எவ்வெழுத்தில் விழுந்தது, அடி எங்கு வைக்கப்பட்டது என்பன ஏட்டில் இல்லை. அவை முதியோர் காலிலும் குரலிலும் மட்டுமே உள்ளன. அவர்கள் மறையின் சிந்தின் யாப்பிற் பாதி மறையும்.

ஆதலின் தமிழ்த்துறையினர் செய்யத் தக்கன சில உள. பாட்டறிந்த முதியோரை நடக்கச் செய்து, நடக்கும்போதே பாட்டைப் பதிவு செய்தல் வேண்டும். அமர்ந்து பாடுங்கால் காலம் மாறிவிடும். ஒவ்வொரு பாட்டிற்கும் நிமிடத்திற்கு எத்தனை தட்டு என்பதனை எண்ணிக் குறித்தல் வேண்டும். சமத் தட்டுடையனவும் அல்லாதனவும் பிரிக்கப்படல் வேண்டும். காலம் விரையும் ஆட்டப் பாடல்கள் தனியே வைக்கப்படல் வேண்டும். தம்மையறியாமல் ஓடத் தலைப்படும் நோயாளர்க்கு விரையும் தாளம் தீங்காதலின், இப்பகுப்பு இலக்கியத்திற்கேயன்றி மருத்துவத்திற்கும் வேண்டுவதாம். இவ்வாறு தொகுத்த பாடல்களை நரம்பியல் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் ஒப்படைத்தல் நம் கடன். எந்நோயாளர்க்கு எத்தாளம் ஏற்றதென ஆய்ந்து, வீழ்ச்சிக்கு இடமின்றிப் பயிற்றுதல் அவர் கடன். தம் மொழியில், தாம் இளமையில் அறிந்த பாட்டோடு நடக்க விரும்பும் பொருநைக்கரை முதியோர்க்கு அயல்நாட்டு இசைத்தட்டே துணையென விடுதல் தமிழ் கற்றார்க்கு அழகன்று.

சிந்தை நாம் இதுவரை கண்ணாற் படித்தோம். சிலர் காதாற் கேட்டோம். அஃது எழுந்தது காலால் நடப்பதற்கு. அதனை நடந்து படிக்கும் ஆராய்ச்சி தொடங்கப்படின், அண்ணாமலையாரின் யாப்பு விளக்கமுறும். நடை தளர்ந்த ஒருவர் வாயில் அப்பாட்டு மீண்டும் பயனுறவும் கூடும்.