பவளத்துக்குப் பேர் வச்ச சார்லி

இன்னைக்கு ஒரு மனுஷனோட கதை.

நான் இருக்கிறது டவுன்ஸ்வில். ஆஸ்திரேலியாவோட வடகிழக்குக் கரையில ஒரு சின்ன ஊர். படிக்கிறது கம்ப்யூட்டர். பவளப்பாறைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். ஆனா என் ரூம்மேட் கடல் உயிரியல் படிக்கிறவன். பால்கனியில எப்பவும் ஒரு ஈர டைவிங் சூட் தொங்கும். மேசையில 'உலகப் பவளங்கள்'னு மூணு தலகாணி சைஸ் புத்தகம். 2000-ல வந்தது. எழுதினவர் ஜே.இ.என். வெரான். ஆனா இங்க எல்லாருக்கும் அவர் வெறும் 'சார்லி'தான்.

சார்லிங்கறது நிஜப்பேர் இல்லை. 1945-ல சிட்னியில பிறந்த ஜான். பூச்சி, புழுன்னு திரிஞ்ச பையனைப் பள்ளிக்கூடத்துல டீச்சர் 'மிஸ்டர் டார்வின்'னு கூப்பிட, அந்த சார்லஸ் டார்வின் வழியா சார்லி ஒட்டிக்கிச்சு. பின்னாடி டாக்டர் பட்ட ஆராய்ச்சியும் பூச்சியிலதான். ஊசித்தட்டான் எப்படி நிறம் மாறுதுங்கறது பத்தி! பவளம் பத்தி ஒரு வகுப்புல கூட உட்கார்ந்ததில்லை. டைவிங் மட்டும் தெரியும். அந்த ஆள்தான் 1972-ல இங்க ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2,300 கி.மீ. நீளமுள்ள கிரேட் பேரியர் ரீஃபோட முதல் முழுநேர ஆராய்ச்சியாளர் ஆனார். பிறகு இதே ஊர்ல தொடங்கின ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்துக்கும் முதல் விஞ்ஞானி.

அதுக்கு முன்னாடி யாருமே பார்க்கலையான்னு கேட்டா, பார்த்தாங்க. 1928-29-ல மாரிஸ் யோங் தலைமையில ஒரு பிரிட்டிஷ் குழு லோ ஐல்ஸ் தீவுல ஒரு வருஷத்துக்கு மேல தங்கி ஆராய்ச்சி பண்ணியிருக்கு. தலையில உலோகக் கவசம் மாட்டிக்கிட்டு, மேலிருந்து காத்து அடிச்சுவிட, கொஞ்சம் ஆழம் இறங்கிப் பார்க்கிற காலம் அது. முதுகுல சிலிண்டரோட மீன் மாதிரி சுத்துற வசதி 1943-ல கூஸ்டோவும் காஞ்யானும் சேர்ந்து கருவி செஞ்ச பிறகுதான் வந்தது.

இது ஏன் முக்கியம்? பவளத்துக்குப் பேர் வச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அதை உயிரோட பார்த்ததே இல்லை. மியூசியத்துக்கு வர்ற காய்ஞ்ச எலும்புக்கூட்டை வச்சு முடிவு பண்ணினாங்க. ஆனா பவளம் மரம் மாதிரி. அலை அடிக்கிற இடத்துல குட்டையா, கெட்டியா வளரும். அதே இனம் அமைதியான தண்ணியில மெல்லிசா கிளை விடும். வெளிச்சம் குறைஞ்ச ஆழத்துல தட்டு மாதிரி விரியும். மியூசியத்துல இருக்கிறவருக்கு இது மூணு இனம். மூணு பேர். சார்லி தண்ணிக்குள்ள போய்ப் பார்த்தப்போ ஒரே பவளத்தோட ஒரு பக்கம் ஒரு 'இனமா'வும் இன்னொரு பக்கம் வேற 'இனமா'வும் இருந்துச்சு! :-)

அப்புறம் என்ன, எல்லாத்தையும் திரும்ப முதல்ல இருந்து. 1976-ல ஆரம்பிச்சு 1984 வரைக்கும் கிழக்கு ஆஸ்திரேலியப் பவளங்கள் பத்தி அஞ்சு பாகம். பிறகு ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ்னு உலகம் பூரா. மொத்தமா சுமார் 7,000 மணி நேரம் தண்ணிக்கடியில இருந்திருக்கார்னு சொல்றாங்க. நாள்கணக்குல பார்த்தா முழுசா 290 நாளுக்கு மேல!

இங்கதான் நம்ம ஊர் வருது. உலகத்தோட முதல் சர்வதேசப் பவளப்பாறைக் கருத்தரங்கு எங்க நடந்தது தெரியுமா? 1969 ஜனவரியில, நம்ம மண்டபத்துல! ரெண்டாவதுதான் 1973-ல, இதே கிரேட் பேரியர் ரீஃப்ல, ஒரு கப்பல் மேல. ரூம்மேட் இதைச் சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க பாட்டி வீடு வேதாளை. மண்டபத்துக்குப் பக்கத்து ஊர். அந்தக் கருத்தரங்கு பத்தி எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது.

சார்லி இங்க செஞ்ச வேலையை அங்க மண்டபம் ஆராய்ச்சி நிலையத்துல கோபிநாத பிள்ளைன்னு ஒருத்தர் செஞ்சிருக்கார். 1986-ல அவர் கொடுத்த பட்டியல்ல மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் 94 பவள இனங்கள். அவர் எண்ணிட்டிருந்த காலத்துலயே நாம அதை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வித்துட்டிருந்தோம். மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு இப்போ தண்ணிக்குள்ள. 2001-லதான் சட்டத்துல பவளத்துக்கு உச்சப் பாதுகாப்பு கிடைச்சுது.

வெட்டறதையாவது நிறுத்தலாம். வெப்பத்தை என்ன பண்றது? 1980-கள் தொடக்கத்துல பாம் தீவுப் பக்கம் வெளுத்துப்போன ஒரு சின்னப் பவளத்தைப் பார்த்து, வினோதமா இருக்கேன்னு சார்லி போட்டோ எடுத்திருக்கார். பவளத்தோட உடம்புக்குள்ள குடியிருக்கிற நுண்பாசிதான் அதுக்குச் சோறு போடுது, நிறமும் கொடுக்குது. வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு டிகிரி கூடி சில வாரம் நீடிச்சாப் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிடும். வெளுத்து நிக்கும். சூடு தணியலைன்னா செத்துடும். 1998-ல அது ஒரு துண்டு இல்லை, உலகம் பூரா. பிறகு 2002. அப்புறம் 2016, 2017, 2020, 2022, 2024-னு இடைவெளி சுருங்கிட்டே வந்திருக்கு.

2009 ஜூலையில லண்டன் ராயல் சொசைட்டியில சார்லி பேசினார். கிரேட் பேரியர் ரீஃப் மரண தண்டனைக் கைதியாங்கறதுதான் தலைப்பு. அறிமுகம் செஞ்சது டேவிட் அட்டன்பரோ. பேர் வைக்கப் போன மனுஷன் சாவுச் செய்தி சொல்ல வேண்டியதா ஆச்சு.

இதுல இன்னொண்ணு. இப்போ மரபணு ஆராய்ச்சி வந்து, அவர் ஒரே இனம்னு சேர்த்து வச்சதுல சிலதைத் திரும்பவும் பிரிக்கிறாங்க. மியூசியத்துக்காரங்க வச்ச பழைய பேர் சிலது உயிர் பெறுது. அப்போ இத்தனை வருஷ உழைப்பு வீணான்னு ரூம்மேட்கிட்ட கேட்டேன். "தப்பு கண்டுபிடிக்கணும்னா கூட முதல்ல ஒரு பட்டியல் வேணும்ல?"ன்னான். பதில் சொல்லத் தெரியலை.

போன வாரம் தம்பிகிட்ட சொல்லி, பாட்டி வீட்டு மதிலை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முருகைக்கல் மதில். தேன்கூடு மாதிரி குழிகுழியா இருக்கும். சின்ன வயசுல அந்தக் குழிக்குள்ள குச்சி விட்டு விளையாடியிருக்கோம். அது ஒரு உயிர்னு யாரும் சொன்னதில்லை. ரூம்மேட்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தான். எந்தக் குடும்பம்னு சொல்லிட்டான். எந்த இனம்?

"கல்லை வச்சு சொல்ல முடியாதுடா. உயிரோட இருந்தப்போ பார்த்திருக்கணும்."