2 முதல்-அமைச்சர்களைத் தந்த ஆண்டிபட்டி: அணை பக்கத்தில், தண்ணீர் தூரத்தில்! - தொகுதி கண்ணோட்டம்

தேனி மாவட்டத்தில் உள்ள ஆண்டிபட்டி சட்டசபை தொகுதியைத் தெரியாதவர்கள் தமிழகத்தில் இருக்க முடியாது. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று 2 முதல்-அமைச்சர்கள் இந்தத் தொகுதி எம்.எல்.ஏ.க்களாக இருந்து கோட்டையில் அமர்ந்தவர்கள். வேட்பாளர் ஊருக்கே வராமல் ஜெயித்த அதிசயமும் இங்கே நடந்தது. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று மோதிய வேடிக்கையும் இங்கேதான் நடந்தது.

இவ்வளவு பேர் இருந்தும் தேர்தலுக்குத் தேர்தல் இந்த ஊர் மக்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறவே இல்லை. அது தண்ணீர் பற்றிய கேள்வி. அந்தத் தொகுதியின் அமைப்பையும், தேர்தல் வரலாற்றையும் இங்கே பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது?

மதுரையில் இருந்து உசிலம்பட்டி வழியாக தேனி போகும் ரோட்டில், ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி மலை இறங்கியதும் வருகிற ஊர் ஆண்டிபட்டி. தேனிக்கு சுமார் 17 கி.மீ. கிழக்கே உள்ளது. கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை ஊருக்கு நடுவே போகிறது. ஊர் இன்னும் பேரூராட்சிதான்.

முன்பு மதுரை மாவட்டத்தோடு இருந்த இந்தப் பகுதி, 1996-ல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தேனி மாவட்டத்துக்கு வந்தது. சட்டசபை தொகுதிகள் வரிசையில் இதன் எண் 198. ஆண்டிபட்டி தாலுகாவும், உத்தமபாளையம் தாலுகாவின் ஒரு பகுதியும் சேர்ந்தது இந்தத் தொகுதி. பாராளுமன்றத் தேர்தலில் முன்பு பெரியகுளம் தொகுதியில் இருந்தது. தொகுதி சீரமைப்புக்குப் பிறகு 2009 தேர்தலில் இருந்து தேனி தொகுதியில் உள்ளது. சோழவந்தான், உசிலம்பட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகியவை இதோடு சேர்ந்த மற்ற 5 சட்டசபை தொகுதிகள்.

மலை பாதி, கரடு பாதி

தொகுதியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வடக்கே ஆண்டிபட்டி ஒன்றியம். செம்மண் காடு, கரடு, மானாவாரி நிலம். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் ஆடு மேய்ப்பு, கூலி வேலை. கிணறு உள்ளவர்கள் மல்லிகை, முருங்கை, காய்கறி போடுகிறார்கள். ஆண்டிபட்டி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முதல் நாள் மல்லிகை விலை எகிறுவது அடிக்கடி செய்தியாக வரும். டி.சுப்புலாபுரம், சக்கம்பட்டி பக்கம் போனால் தறிச்சத்தம் கேட்கும். இங்கே நெய்கிற காட்டன் சேலைகளுக்கு வெளியூரிலும் நல்ல பெயர்.

தெற்கே கடமலை-மயிலை ஒன்றியம். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு, வாலிப்பாறை, குமணன்தொழு, கோம்பைத்தொழு என்று ரோடு போகப்போக மலை நெருங்கி வரும். தென்னையும் இலவம் பஞ்சும் இந்தப் பக்கத்து விளைச்சல். அதற்கும் மேலே அரசரடி, வெள்ளிமலை, பொம்மராஜபுரம், இந்திராநகர் போன்ற மலைக்கிராமங்கள். தேர்தல் சமயத்தில் ஓட்டு எந்திரத்தை கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதிகாரிகளுக்குப் பெரிய வேலை.

ஜம்புலிப்புத்தூர் கதலி நரசிங்க பெருமாள் கோவில், தெப்பம்பட்டி மாவூற்று வேலப்பர் கோவில், மேகமலை அருவி எனப்படும் சின்னச்சுருளி ஆகியவை வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் இடங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் க.விலக்கும் ஆண்டிபட்டி பக்கம்தான்.

பிறப்பது இங்கே, பாய்வது எங்கேயோ

மதுரைக்குப் பெருமை சேர்க்கும் வைகை ஆறு வருசநாடு மலையில்தான் உற்பத்தி ஆகிறது. இந்தப் பகுதியில் அதற்கு மூல வைகை என்று பெயர். மழைக்காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடும். மற்ற நாட்களில் வெறும் மணல்தான். முல்லைப்பெரியாறு அணையில் இருந்து வரும் தண்ணீரும் இதோடு சேர்ந்து ஆண்டிபட்டி அருகே வைகை அணைக்குப் போகிறது.

காமராஜர் ஆட்சியில் 1959-ல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழு கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் 2-வது எச்சரிக்கை, 69 அடியில் 3-வது எச்சரிக்கை. எச்சரிக்கை எல்லாம் ஆற்றின் கீழ்ப்பகுதி மக்களுக்கு. பாசனமும் பெரும்பாலும் கீழ்ப்பகுதிக்குத்தான். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் இந்த அணையை நம்பி இருக்கின்றன.

அணை கட்டியபோது இந்தப் பக்கத்து கிராமங்கள் பல தண்ணீருக்குள் போயின. வீடு, நிலம் இழந்தவர்கள் பக்கத்து ஊர்களில் குடியேறினார்கள். கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் அப்படி வெளியேறியதுதான். அந்தக் கதையைத்தான் அவர் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலாக எழுதி 2003-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார்.

நிலத்தைக் கொடுத்த பகுதிக்கு வந்தது என்ன? கூட்டுக்குடிநீர் திட்டம் மூலம் குடிக்கத் தண்ணீர் வந்தது. ஆனால் வயலுக்கு வரவில்லை. காரணம் எளிமையானது. அணை பள்ளத்தில் இருக்கிறது, ஆண்டிபட்டி நிலம் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் தானாக மேலே ஏறாது. பம்ப் வைத்து ஏற்ற வேண்டும், அல்லது மேலே இருந்தே கால்வாய் வெட்டி கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும், அதைவிட அரசு மனசு வைக்க வேண்டும்.

உசிலம்பட்டி பகுதி மக்கள் பல வருஷம் போராடி 58 கிராம கால்வாய் திட்டத்தை வாங்கினார்கள். அணையில் தண்ணீர் 67 அடிக்கு மேல் இருந்தால் அதில் திறக்கலாம். 2018-ல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விடப்பட்டது. அந்தக் கால்வாய் ஆண்டிபட்டி பகுதி வழியாகத்தான் உசிலம்பட்டிக்குப் போகிறது. தண்ணீர் கண்ணு முன்னாடி போகுதே, நம்ம கண்மாய்க்கு வரலையே என்கிற ஆதங்கம் ஆண்டிபட்டி விவசாயிகளுக்கு இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வராமலே ஜெயித்த எம்.ஜி.ஆர்.

இப்போது தேர்தல் வரலாற்றுக்கு வருவோம். 1977 தேர்தலில் அ.தி.மு.க. முதன்முறையாக இங்கே வென்றது. 1980-ல் லட்சிய நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் அ.தி.மு.க. சார்பில் வெற்றி பெற்றார். இவர் 1962-லேயே பக்கத்து தேனி தொகுதியில் தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்தவர்.

1984-ல்தான் ஆண்டிபட்டி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதற்கு முன்பு பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு தொகுதிகளில் வென்ற எம்.ஜி.ஆர்., அந்த முறை ஆண்டிபட்டியில் வேட்பாளர் ஆனார். ஆனால் அவர் இருந்தது அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில். ஓட்டுப்பதிவுக்கு சில நாள் முன்புதான் அவருக்கு சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் படக்காட்சி தமிழகம் முழுக்கப் போட்டுக் காட்டப்பட்டது. டிசம்பர் 24-ந்தேதி ஓட்டுப்பதிவு. தொகுதிக்கு ஒரு நாள் கூட வராமல், ஒரு மேடை கூட ஏறாமல், 32 ஆயிரத்து 484 ஓட்டு வித்தியாசத்தில் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் தமிழகம் திரும்பி 3-வது முறையாக முதல்-அமைச்சர் ஆனார்.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. ஜெ. அணி, ஜா. அணி என்று பிரிந்து நின்ற 1989 தேர்தலில் தி.மு.க.வின் ஆசையன் வென்றார். பக்கத்து போடிநாயக்கனூரில் ஜெயலலிதா முதல் முறையாக எம்.எல்.ஏ. ஆனது அதே தேர்தலில்தான். 1991-ல் அ.தி.மு.க.வின் தவசி வென்றார். 1996 தி.மு.க. அலையில் மறுபடியும் ஆசையன் வந்தார்.

ஜெயலலிதா கோட்டை

2001-ல் ஜெயலலிதா 4 தொகுதிகளில் மனு தாக்கல் செய்தார். அதில் ஒன்று ஆண்டிபட்டி. 4 மனுக்களும் தள்ளுபடி ஆயின. ஆண்டிபட்டியில் தங்கதமிழ்ச்செல்வன் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று ஜெயித்தார்.

எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்-அமைச்சர் ஆன ஜெயலலிதாவின் பதவியேற்பு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2001 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஓ.பன்னீர்செல்வம் முதல்-அமைச்சர் ஆனார். டான்சி வழக்கில் ஐகோர்ட்டு விடுவித்த பிறகு ஜெயலலிதா போட்டியிட வழி பிறந்தது. தங்கதமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்து இடம் கொடுத்தார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் வைகை சேகரை 41 ஆயிரத்து 201 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயலலிதா தோற்கடித்தார். மார்ச் 2-ந்தேதி மீண்டும் முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார்.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004-ல் க.விலக்கில் வந்தது. 2006 தேர்தலில் ஜெயலலிதா மறுபடி இங்கேயே நின்றார். அவருக்கு வெற்றி கிடைத்தது, ஆனால் ஆட்சி போனது. ஓட்டு வித்தியாசமும் 25 ஆயிரத்து 186 ஆகக் குறைந்தது. அந்த 5 வருஷம் ஆண்டிபட்டி எதிர்க்கட்சித் தலைவர் தொகுதி ஆனது. 2011-ல் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட, தங்கதமிழ்ச்செல்வன் திரும்ப வந்தார். 2011, 2016 இரண்டு முறையும் தி.மு.க.வின் மூக்கையாவை அவர் தோற்கடித்தார்.

அண்ணன் - தம்பி மோதல்

ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 18 எம்.எல்.ஏ.க்களை சபாநாயகர் 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்தார். அதில் தங்கதமிழ்ச்செல்வனும் ஒருவர். தகுதி நீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபரில் ஐகோர்ட்டு தீர்ப்பு வந்தது. 2019 ஏப்ரல் 18-ந்தேதி பாராளுமன்றத் தேர்தலோடு இடைத்தேர்தல் நடந்தது.

தி.மு.க. மகாராஜனை நிறுத்தியது. அ.தி.மு.க. அவருடைய தம்பி லோகிராஜனை நிறுத்தியது. ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு கட்சிக் கொடிகள். சொந்தக்காரர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று தலையைப் பிய்த்துக் கொண்டார்கள். அ.ம.மு.க.வும் தனியாக நின்றது.

ஓட்டுப்பதிவுக்கு 2 நாள் முன்பு இரவில் நடந்த சோதனையில் ரூ.1 கோடியே 48 லட்சம் சிக்கியது. வார்டு வாரியாக கவர் போட்டு, ஓட்டுக்கு ரூ.300 என்று எழுதி வைத்திருந்ததாக வருமான வரித்துறை தெரிவித்தது. தகராறில் போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டனர். பணம் தங்களுடையது அல்ல என்று அ.ம.மு.க. தரப்பில் மறுக்கப்பட்டது. அதே நேரத்தில் வேலூர் பாராளுமன்றத் தேர்தல் ரத்தானது. ஆண்டிபட்டி தேர்தல் திட்டமிட்டபடி நடந்தது.

முடிவில் அண்ணன் மகாராஜன் 12 ஆயிரத்து 323 ஓட்டு வித்தியாசத்தில் தம்பியை வென்றார். 2021-ல் மறுபடியும் அதே அண்ணன், அதே தம்பி. அப்போதும் அண்ணன்தான் ஜெயித்தார். வித்தியாசம் 8 ஆயிரத்து 538 மட்டுமே. இதற்கிடையே தி.மு.க.வில் சேர்ந்த தங்கதமிழ்ச்செல்வன் 2024-ல் தேனி எம்.பி. ஆனார்.

வென்றவர்கள் பட்டியல்

1977 - கந்தசாமி (அ.தி.மு.க.)
1980 - எஸ்.எஸ்.ராஜேந்திரன் (அ.தி.மு.க.)
1984 - எம்.ஜி.ஆர். (அ.தி.மு.க.)
1989 - ஆசையன் (தி.மு.க.)
1991 - தவசி (அ.தி.மு.க.)
1996 - ஆசையன் (தி.மு.க.)
2001 - தங்கதமிழ்ச்செல்வன் (அ.தி.மு.க.)
2002 இடைத்தேர்தல் - ஜெயலலிதா (அ.தி.மு.க.)
2006 - ஜெயலலிதா (அ.தி.மு.க.)
2011 - தங்கதமிழ்ச்செல்வன் (அ.தி.மு.க.)
2016 - தங்கதமிழ்ச்செல்வன் (அ.தி.மு.க.)
2019 இடைத்தேர்தல் - மகாராஜன் (தி.மு.க.)
2021 - மகாராஜன் (தி.மு.க.)

கணக்கு சொல்வது என்ன?

1977 முதல் 2021 வரை 13 தேர்தல்கள். அ.தி.மு.க. 9 முறை, தி.மு.க. 4 முறை. தி.மு.க. வென்ற வருஷங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். 1989-லும் 2019-லும் அ.தி.மு.க. உடைந்து கிடந்தது. 1996-லும் 2021-லும் மாநிலத்திலேயே ஆட்சி மாறியது. மற்ற நேரம் எல்லாம் இது இரட்டை இலைக்குப் பழகிய கை.

ஆனால் 2002-ல் 41 ஆயிரம் என்று இருந்த வித்தியாசம் 2021-ல் 8 ஆயிரமாகச் சுருங்கியதையும் பார்க்க வேண்டும். முன்பு பெரிய பெயருக்கு ஓட்டு விழுந்தது. இப்போது இரண்டு பக்கமும் உள்ளூர் முகம். ரோட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். எந்தக் கட்சியும் அசந்து தூங்க முடியாத தொகுதி ஆகிவிட்டது ஆண்டிபட்டி.

மக்கள் கேட்பது

அகல ரெயில் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை ரெயில், 11 வருஷம் கழித்து 2022 மே மாதம் ஆண்டிபட்டி வழியாக மீண்டும் தேனிக்கு ஓடியது. 2023-ல் போடி வரை நீண்டது. நெடுநாள் கோரிக்கை ஒன்று நிறைவேறியது.

மலைப்பகுதியில் வேறு பிரச்சினை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். வைகை பிறக்கிற காட்டைக் காப்பாற்றினால்தான் ஆறு பிழைக்கும் என்கிறது வனத்துறை. தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு எங்கே போவது என்கிறார்கள் மலைக்கிராம மக்கள். ரோடு போடக்கூட வனத்துறை அனுமதி வேண்டும். உடம்பு முடியாதவரை கீழே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகி விடுகிறது.

கீழே கரட்டுக்காட்டில் கேட்பது ஒன்றே ஒன்று. மூல வைகையில் அணை கட்டுங்கள், கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டு வாருங்கள். தேர்தல் வந்தால் எல்லா கட்சி வேனிலும் இந்த வாக்குறுதி ஒலிக்கும். ஓட்டு எண்ணி முடிந்ததும் வேன் போய்விடும். ஒரு ஊர் 2 முதல்-அமைச்சர்களுக்கு ஓட்டுப் போட்டது. அணைக்கு நிலத்தையும் கொடுத்தது. அந்த ஊர் கண்மாய்க்கு தண்ணீர் கேட்பது அதிகமான ஆசை இல்லை. அடுத்து ஓட்டு கேட்டு வருகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.