2⁶⁷ − 1

அறுபத்தேழு 2-களைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 21 இலக்க எண் 147,573,952,589,676,412,927. பிரெஞ்சுத் துறவி மரீன் மெர்சென் 1644இல் இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார்; நிரூபணம் எதுவும் தரவில்லை. 2இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் இவ்வகை எண்களில் 257ஆம் அடுக்கு வரை பகா எண்களைச் சொல்ல முயன்ற அந்தப் பட்டியலில் 67, 257 ஆகிய அடுக்குகள் இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டுப்போயின. 67ஐ வீழ்த்தியவர் 1903இல் காரணிகளைக் கண்ட அமெரிக்கர் பிராங்க் நெல்சன் கோல் என்பதே பரவலான எண்ணம். அது சரியல்ல. 1876இலேயே எதுவார் லூக்கா இது பகு எண் என்று காட்டிவிட்டார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்.

பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வெவ்வேறு அறிவு என்பதை இந்த எண்ணின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. லூக்காவின் சோதனையைப் பின்னாளில் டி. எச். லெஹ்மர் செப்பனிட்ட வடிவம் எளியது: 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2⁶⁷ − 1ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இதையே 65 முறை செய்தபின் மீதி 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். கையால் செய்தால் அலுப்பூட்டும், ஆனால் முடிகிற வேலை. காரணி தேடுவது அப்படியல்ல. இந்த எண்ணின் காரணி எதுவும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவும், 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருவதாகவும் இருந்தாக வேண்டும். இவ்வளவு வடிகட்டியும், சிறிய காரணியான 193,707,721ஐ எட்டுமுன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வரிசையில் நிற்கின்றன. கோல் இருபடி மீதிகளைக் (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளைக்) கொண்டு அந்த வரிசையை இன்னும் குறுக்கினார். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார் என்ற கதை எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் எழுதியது. சுவையான கதைதான், கோலின் கட்டுரை விளக்கும் முறை அதைவிடச் சுவையானது.

பகு எண் என்றாலே காரணி உண்டு, மிச்சம் உழைப்புதானே என்று கேட்கலாம். அந்த உழைப்பின் அளவில்தான் எல்லாமே இருக்கிறது. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் உருவாக்கிய மறையாக்க முறை, பெரிய பகா எண்களைக் கண்டறிவது எளிது, அவற்றின் பெருக்கற்பலனைப் பிரிப்பது கடினம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: லூக்காவின் கணக்கில் பிழை நேர்ந்திருந்தால் யார் கண்டார்? அதைச் சரிபார்க்க முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். கோலின் விடையையோ, 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கத் தெரிந்த எவரும் ஒரு தாளில் சோதித்துவிடலாம். கோலின் பெருமை இந்தச் சோதிக்கத்தக்க சான்றில்தான் இருக்கிறது; மெர்சென் தவறு என்று முதலில் சொன்ன பெருமை லூக்காவுடையது. பகு எண் என்று அறிவதற்கும் காரணியைக் காண்பதற்கும் இடையிலான இந்த இடைவெளி தற்செயலானது அல்ல. மெர்சென் பட்டியலின் மற்றொரு பிழையான 2²⁵⁷ − 1 பகு எண் என்பது 1920களில் தெரிந்துவிட்டது. அதன் காரணி ஒன்று அகப்பட அரை நூற்றாண்டுக்கு மேலாகியது, கணினிகள் வந்த பிறகும்.